ஆர்வில் ஸ்டான்சில் சொன்ன முப்பத்தொன்று

ஆர்வில் ஸ்டான்சிலைப் பொய்யர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே ஆர்வில் ஒரே ஒரு பொய் சொன்னார், அதுவும் என் எதிரில் உட்கார்ந்து, என் மைக்கில். அதை நினைத்தால் இன்னும் கோபம் வரும். இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், அங்கங்கே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலபாமாவில் எங்கள் டல்லமூசா ஊருக்கு ஒரு சின்ன ரேடியோ நிலையம் உண்டு. அங்கே எல்லாமே நான்தான். பருத்தி விலை வாசிப்பது நான், விளம்பரம் பிடிப்பது நான், கூரை ஒழுகினால் வாளி வைப்பதும் நான். பெயர் வெர்லீன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் எதிர் நாற்காலியில் ஆர்வில் வந்து உட்காருவார். மற்ற நாட்களில் கவுன்டி தண்ணீர் வாரியத்தில் பம்பு பார்க்கிறவர். நாலு பேர் கூடினால் வாய் திறக்காத மனிதர். ஆனால் எங்கள் கல்லூரி அணியைப் பற்றி அவரிடம் இல்லாத எண் கிடையாது. எத்தனை கஜம் ஓடினார்கள், எத்தனை தடவை பந்தைக் கோட்டைவிட்டார்கள், மழையில் எப்படி, வெளியூரில் எப்படி என்று எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்.

எங்கள் பக்கம் கால்பந்து என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதுகிற ஆட்டம். காலுக்கு அதில் அநேகமாக ஓடுகிற வேலைதான். எங்கள் அணிக்குப் பெயர் கொக்குகள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சீசன் நன்றாகப் போனால் டிசம்பர் கடைசியில் ஒரு பவுல் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இதுவரை முகமே பார்க்காத ஏதோ ஒரு மாநிலத்து அணி எதிரில் நிற்கும். அதற்கு முந்தின சனிக்கிழமை ஆர்வில் ஸ்கோர் சொல்வார். ஒன்பதரைக்கு அவர் சொன்னால் பத்து மணிக்குள் பாப்டிஸ்ட் சபை வாசல் பலகையில் வேதவசனத்தைக் கழற்றிவிட்டு அந்த ஸ்கோரை மாட்டிவிடுவார் பிரதர் ஹோய்ட். ஹார்டுவேர் கடைக்காரர், சபையில் மூப்பர், ஊரில் எல்லாக் காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

பதின்மூன்று வருஷத்தில் பதினோரு தடவை, ஜெயிக்கும் என்று ஆர்வில் சொன்ன அணியே ஜெயித்தது. நம் அணிதான் ஜெயிக்கும் என்று எல்லா வருஷமும் சொன்னவர் இல்லை அவர். ஒரு வருஷம், இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்போம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர் வண்டியின் நாலு டயரிலும் காற்று இல்லை. ஆட்டத்தில் இருபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அதற்கு அடுத்த நாள் அவர் வீட்டு வாசலில் மூன்று வீட்டுக் கோழிக் குழம்பும் ஒரு தட்டு பீக்கன் கொட்டைப் பலகாரமும் வந்து இறங்கின. அன்றிலிருந்து, கவர்னரே வந்து கேட்டாலும் ஆர்வில் ஒரு எண்ணை மாற்ற மாட்டார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பெயர்தான் அவரை மாட்டிவிட்டது.

நான் சொல்ல வந்த வருஷம் கொக்குகளுக்கு அமோகமான சீசன். ஆட்டத்துக்குச் சராசரி முப்பத்தொரு புள்ளி. எல்லாம் ஜேலன் என்கிற குவார்ட்டர்பேக்கின் கை. அவன் எறிந்தால் பந்து போய்ச் சேராத இடமில்லை. பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. நடத்துவது ஒரு மெத்தைக் கம்பெனி, அதனால் ஊரில் அதற்கு மெத்தை பவுல் என்றே பெயர். எதிரணி பிரெய்ரி டெக் கல்லூரி, அவர்கள் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. ஒரு வாரம் கழித்து ஜேலன், வேறு பெரிய கல்லூரிக்குப் போகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு மூட்டை கட்டினான். இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். அவனைக் காப்பாற்றி நின்ற இரண்டு தடியன்களும் கூடவே போனார்கள். அவன் எறிவதைப் பிடிக்கிற உயரக்காரன், அடிபட்டால் தொழில்முறை அணிக்காரன் எடுக்க மாட்டான் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஜேலனுக்கு அடுத்து நின்றவன் கோல்பி. ஆர்வில் ஸ்டான்சிலின் ஒரே பிள்ளை.

ஐந்து வருஷமாக மைதான ஓரத்தில் சைகை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன். மொத்தமாக முப்பத்தெட்டு தடவை பந்தை எறிந்திருப்பான். அதுவும் ஆட்டம் முடிவாகி, ஜனங்கள் கார் சாவியைத் தேட ஆரம்பித்த பிறகு. இது அவனுக்குக் கடைசி வருஷம். மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகப் போகிறவன். அவன் முதலிலிருந்து ஆடப்போகிற ஆட்டம் கல்லூரி வாழ்க்கையிலேயே இது ஒன்றுதான்.

செய்தி வந்த அன்று நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். ஆர்விலின் மனைவி டார்கஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பது பிள்ளைகளை அடக்கின குரல், வீட்டிலும் அதே குரல்தான்.

"அஞ்சு வருஷம் மழையில நின்னான் என் பிள்ளை, வெயில்ல நின்னான். ஒரு நாள் உள்ள போறான். அன்னிக்குப் பார்த்து அவங்கப்பனே ரேடியோல வந்து தோத்துடுவான்னு சொல்லணுமா?"

"நான் இன்னும் கணக்கே போடல, டார்கஸ்."

"போடாதே! போட்டா என்ன வரும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிட்டு எந்த வீட்டுக்குச் சாப்பிட வருவே?"

ஆர்வில் பிஸ்கட் ரொட்டியை கிரேவியில் தோய்த்துத் தோய்த்து, சாப்பிடாமலே வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அம்மா இப்படி என்றால் பிள்ளை வேறு மாதிரி. இதை ஆர்வில்தான் பிறகு சொன்னார். புதன்கிழமை கோல்பி போன் செய்தானாம்.

"அப்பா, சனிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"கணக்கு என்ன சொல்லுதோ அது."

"அதைத்தான் கேட்டுக்கிறேன். எனக்காகன்னு ஒண்ணும் மாத்தாதீங்க. அம்மா அழுவாங்க, நீங்க கண்டுக்காதீங்க."

"சரிப்பா" என்றாராம் இவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நிலையத்துக்கு வந்தார். முகம் ஒரு வாரம் தூங்காத முகம். நான் ஒரு வழி சொன்னேன். "தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன். நாளைக்கு வராதீங்க. நான் பாட்டுப் போட்டு ஓட்டிக்கிறேன்."

"பதிமூணு வருஷத்துல ஒரு சனிக்கிழமை வராம இருந்திருக்கேனா? காய்ச்சல்லயும் வந்தேன். நாளைக்கு வரலைன்னா எதுக்குன்னு நாய்க்குட்டிக்கும் தெரியும். வாயைத் திறக்காமலே சொன்ன மாதிரி ஆயிடும்."

அதுவும் நியாயம்தான். உண்மையைச் சொன்னால் வீடு இல்லை, பொய் சொன்னால் பிள்ளை இல்லை, வராமல் போனாலும் தப்பிக்க வழியில்லை. அந்த மனிதர் என் சின்ன அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். நாலு அடிக்கு மேல் நடக்க இடமில்லாத அறை அது. வெளியே ஹோய்ட் கார் கண்ணாடியை இறக்கி, "என்னப்பா ஆர்வில், பலகைக்கு எழுத்தெல்லாம் துடைச்சு வெச்சுட்டேன்!" என்று கத்திவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஒன்பது இருபத்தைந்துக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆர்வில் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஜேலன் போனதற்கு இவ்வளவு, தடியன்கள் போனதற்கு இவ்வளவு, உயரக்காரனுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழித்திருந்தார். கோல்பியின் முப்பத்தெட்டு எறிதலையும் தனித்தனியாக எழுதியிருந்தார். அடியில் கோடு போட்டு: கழுதைகள் 34, கொக்குகள் 10.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் எப்போது மூடியிருக்கிறது?

"பத்தா? பெத்த பிள்ளைக்குப் போய்ப் பத்தா போடுவீங்க?"

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊரே காது கொடுத்துக் காத்திருந்தது. ஆர்வில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மைக்கிடம் குனிந்து சொன்னார்: "கொக்குகள் முப்பத்தொண்ணு. கழுதைகள் இருபத்திநாலு."

விளக்கு அணைந்ததும் கேட்டேன். "முப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"சீசன் சராசரி."

"அது ஜேலன் போட்டதாச்சே. அவன்தான் போயாச்சே!"

"கோல்பி எறிஞ்சது முப்பத்தெட்டு தடவைதான், வெர்லீன். அவ்வளவு கொஞ்சத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படித் திருதிருவென்று விழிக்காது.

அந்த வாரம் ஊரில் அவருக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமில்லை. சபை வாசலில் முப்பத்தொன்று தொங்கியது. ஹோய்ட் ஹார்டுவேர் கடையில் ஒரு தொப்பியை இலவசமாகக் கொடுத்து அவர் தலையில் தானே வைத்துவிட்டார். டார்கஸ் பஸ்ஸில் பாடிக்கொண்டே போனாள். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், ஆர்வில் சொல்லிவிட்டார் என்று வண்டி கட்டினார்கள். கோல்பி மட்டும் போன் செய்யவில்லை. அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: "ரேடியோ கேட்டேன்." அவ்வளவுதான். டார்கஸ் அதைச் சந்தோஷமாக எங்கள் எல்லாருக்கும் காட்டினாள். ஆர்வில் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டத்துக்குச் சபை வேனில் போனோம், மூன்றரை மணி நேரம். கடற்கரை ஊர், நல்ல காற்று. எங்கள் வரிசை முழுக்கக் கொக்கு வெள்ளைச் சட்டை.

கோல்பி எப்படி ஆடினான் என்று கேட்டால், என் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி நான் கத்தினேன், அதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். முதல் கால் மணியில் கழுதைகள் அவனைப் புல்லில் புதைத்தார்கள். எழுந்தான். இன்னொரு தடவை புதைத்தார்கள். எழுந்து, யாருக்கும் எறிய வழியில்லாமல் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு இருபது கஜம் ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு டச் டவுன் போட்டான், அதற்கு ஏழு புள்ளி. பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு நோஞ்சான் பையனுக்கு எறிந்து இன்னொன்று. இடையில் இரண்டு உதை கம்பத்துக்கு நடுவே போயின, உதைக்கு மூன்று புள்ளி. இருபத்தேழுக்கு இருபது. கடைசி இரண்டு நிமிஷம் பந்து இவன் கையில். ஒரு டச் டவுன் போட்டால் சமன். கோட்டுக்குப் பத்தொன்பது கஜம் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். அங்கே எறிந்தது எதிராளி கையில் போய் விழுந்தது. முடிந்தது.

எங்கள் வரிசையில் யாரோ, "ஜேலன் இருந்திருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தார்கள். திரும்பி முறைத்தேன்.

வீரர்கள் வெளியே வருகிற வேலிப் பக்கம் காத்திருந்தோம். ஆர்வில், டார்கஸ், நான். கோல்பி தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, தலை ஈரமாக, எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். அதற்கு முன்னால் ஹோய்ட் வந்துவிட்டார். ஆர்விலின் தோளில் கையைப் போட்டு, ஆறுதலாகச் சொன்னார்:

"விடுப்பா. உன் கணக்குல ஒரு தப்பும் இல்ல. முப்பத்தொண்ணு வரவேண்டிய ஆட்டம்தான். பையன்தான் கொஞ்சம் கோட்டை விட்டுட்டான். முதல் தடவை பாரு, என்ன செய்றது."

ஆர்வில் தலையாட்டினார். வேண்டுமென்று ஆட்டவில்லை என்று எனக்குத் தெரியும். யாராவது தோளில் கைபோட்டுப் பேசினால் ஆட்டுகிற மனிதர். ஆனால் கோல்பி ஐந்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹோய்ட் போனதும் கோல்பி வேலியைப் பிடித்துக்கொண்டான். "நல்லாத் தலையாட்டுறீங்கப்பா."

"கோல்பி..."

"சின்ன வயசுலேர்ந்து உங்க பக்கத்துல உக்காந்து கூட்டல் போட்டவன் நான். முப்பத்தொண்ணு யாரோட நம்பர்னு எனக்குத் தெரியாதா? எனக்காக மாத்தாதீங்கன்னு சொன்னேன். நீங்க மாத்தக்கூட இல்ல. என்னைக் கணக்குலயே சேர்க்கல. ஊரை விட்டுப் போனவன் நம்பரை எடுத்து என் தலையில வெச்சுட்டீங்க. மோசமான நம்பரா இருந்தாலும் அது என்னோடதா இருந்திருக்குமேப்பா!"

டார்கஸ், "ஏண்டா, அவர் உனக்காகத்தானே..." என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"நிஜமா எவ்வளவு போட்டீங்க?"

ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டார். டார்கஸும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அந்த எண் தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பத்து" என்றேன்.

கோல்பி என்னைப் பார்த்தான். "பத்தா, மிஸ் வெர்லீன்?"

"பத்துதான். என் கண்ணால பார்த்தேன்."

அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு வேலியில் சாய்ந்தான். "அப்போ நான் ரெண்டு மடங்கு போட்டிருக்கேன். பத்துன்னு நீங்க சொல்லியிருந்தா, இந்த ஹோய்ட் இன்னிக்கு என்னைத் தூக்கி வெச்சு ஆடியிருப்பாருப்பா. இருபது போட்டுட்டு நான் இப்ப கோட்டை விட்டவன்."

ஐஸ் பை ஒழுகி அவன் சட்டை நனைந்துகொண்டிருந்தது. அணி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டான். திரும்பி வருகிற மூன்றரை மணி நேரமும் வேனில் எல்லாரும் மாறி மாறி ஆர்வில் முதுகைத் தட்டினார்கள். அவர் கடைசி சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர். டார்கஸ் முன் சீட்டில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிறபோது மட்டும் என்னிடம் மெதுவாக, "என்னாலதான் வெர்லீன்" என்றாள். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆர்வில் வந்தார். நான் நம்பவில்லை, வந்தார். ஐந்து நிமிஷம் கழித்து, கூப்பிடாமலே கோல்பியும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அப்பாவைப் பார்க்கவுமில்லை, பார்க்காமலுமில்லை.

சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆர்வில் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்து வாசித்தார். ஒவ்வொரு கழித்தலையும் வாசித்தார். முப்பத்தெட்டு எறிதலையும் வாசித்தார்.

"இதான் என் கணக்கு. பத்து. போன வாரம் நான் சொன்ன முப்பத்தொண்ணு பொய். அதுல கோல்பியே இல்ல. எனக்குத் தைரியம் இல்லாம வேற ஒருத்தன் நம்பரைச் சொல்லிட்டேன். என் பையன் இருபது போட்டான். நான் அவனை நம்பினதுக்கு ரெண்டு மடங்கு போட்டான். அவன் எதையும் கோட்டை விடல. அதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்."

உடனே போனில் எல்லா லைனின் விளக்கும் எரிந்தன. முதல் ஆள் ஹோய்ட்.

"ஆர்வில், நீ மனுஷன்ப்பா. பிள்ளை பேரு கெட்டுடக் கூடாதுன்னு பழியை உன் தலையில தூக்கிப் போட்டுக்கிறே. நானும் மூணு பெத்தவன். எனக்குப் புரியாதா?"

"இல்ல ஹோய்ட். நிஜமாவே பத்து."

"சரி சரி, பத்துதான். நாங்க ஒத்துக்கிட்டோம், போதுமா?"

அடுத்தது நூலகத்து அம்மா, அழுகிற குரலில்: "இப்படி ஒரு அப்பா எல்லாருக்கும் கிடைக்கணும்." நான் பொறுக்க முடியாமல் மைக்கில் புகுந்து, காகிதத்தை ஆட்டத்துக்கு முன்னாலேயே நானே பார்த்தேன் என்று சத்தியம் செய்தேன். "உனக்கும் தங்கமான மனசு வெர்லீன்" என்றார் அந்த அம்மா. பொய் சொன்ன அன்று ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. இப்போது ஒருத்தரைக்கூட நம்ப வைக்க முடியவில்லை.

ஆர்வில் எழுந்து நின்றுவிட்டார். பதின்மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "நான் பொய் சொன்னேன்யா! கேளுங்கய்யா! என் பையன் தோத்துடுவான்னு நினைச்சேன்! பத்துக்கு மேல போட மாட்டான்னு நினைச்சேன்!"

போனில் இருந்தவர் யாரோ ஒரு வயசானவர், பெயர்கூடச் சொல்லவில்லை. "தெரியுதுப்பா, தெரியுது" என்றார், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. "நாங்க யாரும் தப்பா நினைக்கல. நீ உக்காரு."

ஆர்வில் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? போன் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன, எல்லாம் ஆறுதல் சொல்ல. நான் ஒன்றையும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கோல்பி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தான். இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினான். மூடினான். அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு, மறுபடியும் பத்து விரலையும் விரித்தான்.

"ஆமாடா" என்றார் ஆர்வில், மைக் திறந்திருப்பதை மறந்து, உடைந்த குரலில். "இருபது. இருபதுடா."

அதுவும் ஒலிபரப்பில் போனது. நான் நிறுத்தவில்லை.